கையில் ஒரு கிராணி



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கிராணியார் என்றால் யாரென்று நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. விடிவதற்கு முன்பே பெரட்டுக் களத்தில் பேரேட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். வந்தவருக்குப் பேர் விழும். வராதவருக்கு விழாது. தலைவலி என்றாலும் சரி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் சரி, பேரேட்டுக்குக் காது கிடையாது. “நேத்து நல்லா வேலை செஞ்சேனே ஐயா” என்று இழுத்தால், “அது நேத்துப் பக்கம். இன்னிக்குப் பக்கம் வேற” என்று சொல்லிவிடுவார்.

அப்படி ஒரு கிராணியார் சென்ற தீபாவளியிலிருந்து என் இடக்கை மணிக்கட்டில் குடியிருக்கிறார்.

என் மகள் வாங்கித் தந்தது அது. பார்ப்பதற்குக் கைக்கடிகாரம் போலத்தான் இருக்கும். அகலம் மட்டும் குறைவு, ரப்பர் வார். விலை நூற்றைம்பது வெள்ளிக்குள்தான். கடையில் ‘ஸ்மார்ட் பேண்ட்’ என்று கேட்டால் தருவார்கள். நாம் இங்கே ‘பட்டை’ என்றே சொல்லிக்கொள்வோம். ஒரு நாளைக்கு எத்தனை அடி நடந்தோம், நாடி எவ்வளவு துடித்தது, எத்தனை மணி நேரம் தூங்கினோம் என்றெல்லாம் கணக்கு வைக்குமாம்.

“எனக்கு எதற்கம்மா இது? நான் என்ன ஓட்டப் பந்தயத்துக்கா போகிறேன்?” என்று கேட்டேன்.

“நீங்க நாள் முழுக்க நடந்துக்கிட்டேதானே இருக்கேன்னு சொல்றீங்க. எவ்வளவுன்னு பார்த்துடலாமே அம்மா” என்றாள்.

பார்த்துவிடலாம் என்றுதான் நானும் கட்டிக்கொண்டேன். காலை ஐந்தரைக்கு எழுந்து, பசியாற வைத்து, பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, சமைத்து, துவைத்து, கூட்டிப் பெருக்கி, இரவு பத்து மணிக்குத்தான் உட்கார்ந்தேன். இடுப்பு முறிந்து போனது. பட்டையைத் தட்டிப் பார்த்தேன். 2,140 அடி!

எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். “உன் பெட்டி பொய் சொல்லுது” என்று மகளிடம் சண்டைக்கே போய்விட்டேன்.

பொய் சொன்னது யார்?

மறுநாள் காலையில் வீட்டு வாசலில் நின்று, வாய்விட்டு எண்ணிக்கொண்டே நூறு அடி நடந்தேன். பட்டை 97 என்று காட்டியது. திரும்பவும் நடந்தேன். 102. ஆக, கிராணியார் பெரிய பொய்யர் இல்லை. பிறகு பொய் சொன்னது யார்? நான்தான். நிற்பதை எல்லாம் நடப்பதாக எண்ணிக்கொண்டிருந்தேன். அடுப்புக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் மூன்றடி. மேசைக்கும் அலமாரிக்கும் நாலடி. களைப்பு வந்தது உண்மை. நடை வரவில்லை என்பதும் உண்மை.

இந்தப் பட்டை எப்படி எண்ணுகிறது என்று தெரிந்துகொண்டால் இன்னும் நன்றாகப் புரியும். உள்ளே அசைவை அளக்கும் ஒரு சிறு சில்லு இருக்கிறது. நாம் நடக்கும்போது கை ஒரே சீராக முன்னும் பின்னும் ஆடுகிறது அல்லவா? அந்த ஆட்டத்தைத்தான் அது அடியாகக் கணக்கிடுகிறது. விட்டுவிட்டு வைக்கும் இரண்டடி, மூன்றடியைப் பல பட்டைகள் கணக்கில் சேர்ப்பதில்லை; தொடர்ந்து சில அடிகள் வைத்தால்தான் பேர் போடத் தொடங்கும். கடையில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் கை ஆடாது. அந்த நடை பாதி விட்டுப் போகும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாலும் அப்படியே. அதற்கு மாறாக, செம்மண் சாலையில் மோட்டாரில் குலுங்கிக்கொண்டு போனால் நடக்காத அடிகளையும் எழுதிவிடும்! ஆகவே ஐம்பது, நூறு அடி முன்னே பின்னே இருந்தால் அதனோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆனால் ஐயாயிரம் நடந்தேன் என்று நாம் நினைக்கும்போது அது இரண்டாயிரம் என்று சொன்னால், கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும்.

பத்தாயிரம் என்ற பேய்

கோபம் போனதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ‘நாளைக்குப் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும்’ என்று எல்லாரும் சொல்கிறார்களே, நான் மட்டும் என்ன குறைந்தவளா? இரவு பதினொரு மணிக்குக்கூட வரவேற்பறையில் சுற்றிச் சுற்றி நடந்தேன். ஒன்பதாம் நாள் வலது முழங்கால் பந்து போல வீங்கிவிட்டது. ஒரு வாரம் கட்டிலோடு கிடந்தேன். இரண்டாயிரத்திலிருந்து ஒரே தாவாகப் பத்தாயிரத்துக்குப் போனால் 64 வயது முழங்கால் என்ன செய்யும், பாவம்!

படுத்துக் கிடந்த நாட்களில்தான் அந்தப் பத்தாயிரத்தின் பிறப்பைப் பற்றிப் படித்தேன். 1964இல் தோக்கியோவில் ஒலிம்பிக் போட்டி நடந்ததல்லவா? அதற்கு அடுத்த ஆண்டு, 1965இல், யமாசா என்ற ஜப்பானிய நிறுவனம் இடுப்பில் செருகிக்கொள்ளும் நடைமானி ஒன்றை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதன் பெயர் ‘மன்போ-கெய்’. ‘பத்தாயிரம் அடி மானி’ என்று பொருள். விற்பனைக்காகச் சூட்டிய கவர்ச்சியான பெயர் அது. எந்த மருத்துவரும் ஆராய்ந்து சொன்ன அளவு அன்று. அந்தப் பெயர்தான் உலகம் சுற்றி வந்து, சட்டம் போல நம் தலையில் உட்கார்ந்துவிட்டது.

ஆராய்ந்தவர்கள் சொன்னது வேறு. சராசரி வயது 72 உள்ள ஏறத்தாழ 17,000 அமெரிக்கப் பெண்களை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2019இல் வெளிவந்தது. நாளைக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு கணிசமாகக் குறைவாக இருந்தது. நடை கூடக் கூட நன்மையும் கூடியது; ஏறத்தாழ 7,500 அடியோடு அந்த ஏற்றம் நின்றுவிட்டது. 2025இல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த அறிஞர்களும், பெரியவர்களுக்கு நாளைக்கு 7,000 அடி நல்ல இலக்கு என்றே சொன்னார்கள்.

கவனித்தீர்களா? மிகக் குறைவாக நடப்பவர் கொஞ்சம் கூட்டினாலே பெரிய லாபம். பத்தாயிரம் எட்டவில்லையே என்று மனம் ஒடிந்து பட்டையைக் கழற்றி அலமாரியில் போட்டவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். உங்கள் கணக்கு 2,000 என்றால், இரண்டு வாரத்துக்கு 2,500 போதும். பிறகு 3,000. முழங்காலும் பழகும், மனமும் பழகும்.

பட்டை வாங்க வசதியில்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். கொஞ்சம் விறுவிறுப்பாக நடந்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ நூறு அடி. பத்து நிமிடம் என்றால் ஆயிரம் அடி. சுவர்க் கடிகாரமே போதும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

என் அக்காவின் கதை

இப்போது மனத்தில் உள்ளதைச் சொல்கிறேன். இந்தப் பட்டையைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியதே என் அக்காவால்தான்.

அக்காவுக்கு 71 வயது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பதினேழு வயதில் உளி பிடித்தவள். இருட்டில் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்கினால், மரத்துக்கு மரம் நடை. வெட்டி முடித்து, திரும்ப முதல் மரத்திலிருந்து பால் எடுக்க இன்னொரு நடை. பிறகு காண்டா வாளியைத் தோளில் சுமந்துகொண்டு பால் கொட்டகைக்கு ஒரு நடை. மேடும் பள்ளமுமாக அவள் நடந்த நடையை எந்தப் பட்டையும் எண்ணியதில்லை.

பிறகு என்ன ஆயிற்று என்று உங்களுக்கே தெரியும். ரப்பர் மரங்கள் போயின, செம்பனை வந்தது. லயங்கள் காலியாயின. அக்கா குடும்பம் ஈப்போவுக்கு வந்து அடுக்குமாடி வீட்டின் மூன்றாம் மாடியில் குடியேறியது. பால்மரக் காட்டில் உழைத்த உடம்புக்குப் போட்ட அதே அளவுச் சோறு, தொலைக்காட்சிக்கு முன் உட்கார்ந்த உடம்புக்கும் தொடர்ந்தது. நடையை லயத்திலேயே விட்டுவிட்டு, சோற்றை மட்டும் தாமானுக்குக் கொண்டு வந்துவிட்டோம். அக்கா மட்டுமல்ல, நம்மில் பலரும் அப்படித்தான்.

2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வுப்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டு. ஆறு பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் இந்தியச் சமூகத்தில் இந்த நோய் கூடுதல் என்பது பல ஆண்டுகளாகவே தெரிந்த செய்தி. அக்காவுக்கு இனிப்பு நீர் வந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இடது காலில் ஒரு சிறு காயம். உணர்ச்சி மரத்துப் போயிருந்ததால் அவளுக்கு வலி தெரியவில்லை, நாங்களும் கவனிக்கவில்லை. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

புண் நன்றாக ஆறிய பிறகு, அதற்கென்று செய்த காலணியைப் போட்டுக்கொண்டு மெதுவாக நடக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். அக்கா அசையவே இல்லை. நான் என் பட்டையைக் காட்டி ஆசை மூட்டினேன்.

“நான் நடக்காத நடையாடி? என் ஆயுசுக்கு உள்ளதை எல்லாம் அந்தத் தோட்டத்துலேயே நடந்து முடிச்சாச்சு. போடி” என்றாள்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவள் சொன்னது நியாயம் போலத்தான் பட்டது.

சென்ற தைப்பூசத்துக்கு முதல் நாள் அக்கா என் வீட்டில் தங்கியிருந்தாள். பழைய கதை பேசிப் பேசி நடுநிசி ஆகிவிட்டது. மணி பார்ப்பதற்காகப் பட்டையைத் தட்டினேன். அன்றைக்கு 6,318 அடி. அக்காவிடம் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தபோதே மணி பன்னிரண்டு ஆனது. எண் மறைந்து சைபர் வந்து நின்றது.

“என்னடி இது? உன் கிராணி எல்லாத்தையும் அழிச்சிட்டான்?”

“நாள் மாறிடுச்சு அக்கா. புதுப் பக்கம்.”

“அப்ப நேத்து நடந்தது?”

“நேத்தோட போச்சு.”

அக்கா வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்து விளக்கை அணைத்தேன். இருட்டிலிருந்து குரல் மட்டும் வந்தது.

“காலையில என்னையும் எழுப்பு.”

வாசகர்களே, இது வெறும் பட்டையின் விளையாட்டு இல்லை. உடம்பின் கணக்கும் இதுவேதான். ஒரு நாள் நடையால் இரத்தச் சர்க்கரைக்குக் கிடைக்கும் நன்மை இரண்டு மூன்று நாட்களில் மங்கிவிடும். அதனால்தான் நீரிழிவு உள்ளவர்கள் தொடர்ந்து இரண்டு நாட்களுக்கு மேல் நடையை விட்டுவிடக் கூடாது என்கிறார்கள் மருத்துவர்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் நடந்ததை உடம்பு சேமிப்புக் கணக்கில் போட்டு வைத்திருப்பதில்லை. அது வருத்தமான செய்திதான். ஆனால் அதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. நேற்று நடக்காமல் இருந்த குற்றத்தையும் அது இன்றைய பக்கத்தில் எழுதுவதில்லை.

அக்கா இப்போது தன் மாடித் தாழ்வாரத்தில் நடக்கிறாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு 42 அடி. பட்டை கட்டுவதற்கு முன்பே வாயால் எண்ணி வைத்திருந்தாள்! இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் அவசியம். சாப்பிட்ட பின் நடந்தால் சர்க்கரை மேலே எகிறுவது குறையும். இப்போது நாளைக்கு 2,600 அடி வரை வந்திருக்கிறாள். சர்க்கரை ஓடிப் போய்விட்டது, மருந்தை நிறுத்திவிட்டார்கள் என்றெல்லாம் நான் கதை விட மாட்டேன். மாத்திரையும் ஊசியும் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் மூன்று மாடிப் படியையும் நடுவில் ஒரே ஒரு தடவை நின்று ஏறுகிறாள். முன்பு ஐந்து தடவை நிற்பாள்.

பட்டை கட்டுவோர் கவனிக்க

என் அனுபவத்திலும் படித்ததிலும் தெரிந்துகொண்ட சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

1. நாடித் துடிப்பை அளக்கப் பட்டையின் அடியில் பச்சை விளக்கு எரியும். தோலுக்குக் கீழே ஓடும் இரத்தம் அந்தப் பச்சை ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்புக்கும் இரத்தம் கூடிக் குறைவதை வைத்துத்தான் கணக்கு. பட்டை தொளதொளவென்று இருந்தால் கணக்கு தப்பும். மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே, இறுக்காமல் அதே நேரம் நழுவாமல் கட்டுங்கள். பச்சை குத்திய இடத்தில் சரியாக அளக்காது.

2. சும்மா உட்கார்ந்திருக்கும்போது பெரியவர்களின் நாடி பொதுவாக நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இருக்கும். ஒரு நாள் எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள். ஓய்வு நேர நாடி பல நாட்களாக வழக்கத்துக்கு மாறாகவே காட்டினால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

3. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், தலைசுற்றல் வந்தால் பட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். அது நல்ல எண்ணைக் காட்டினாலும் நேரே மருத்துவமனைக்குப் போங்கள். அது கிராணிதான், டாக்டர் இல்லை.

4. ஊசி குத்தாமலே சர்க்கரையை அளக்கும் கடிகாரம் என்று சொல்லி விற்பவர்களை நம்பாதீர்கள். அப்படிப்பட்ட கடிகாரத்தையோ மோதிரத்தையோ பயன்படுத்த வேண்டாம் என்று 2024 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. தவறான எண்ணை நம்பி இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து. விரலில் குத்திப் பார்க்கும் கருவியை ஓரம் கட்டிவிடாதீர்கள்.

5. ‘இத்தனை கலோரி எரித்தாய்’ என்று பட்டை சொல்வது வெறும் மதிப்பீடுதான். அதை நம்பி இரண்டு ரொட்டி சானாய் கூடுதலாகச் சாப்பிட்டுவிடாதீர்கள்! தூக்கக் கணக்கும் அப்படியே. எப்போது படுத்தோம், எப்போது எழுந்தோம் என்பது ஓரளவு சரியாக இருக்கும். ஆழ்ந்த தூக்கம் இவ்வளவு என்று பிரித்துச் சொல்வதை வேத வாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

6. நீரிழிவு உள்ளவர்கள் நடக்கும் முன்னும் பின்னும் பாதத்தைப் பாருங்கள். காலணி இல்லாமல் நடக்காதீர்கள். ஊசி போட்டுக்கொள்பவர்கள் பையில் இரண்டு மிட்டாய் வைத்திருங்கள். புண் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நடையைத் தொடங்கவே கூடாது.

7. வெயில் ஏறும் முன் காலையிலோ, இறங்கிய பின் மாலையிலோ நடங்கள். புகைமூட்ட நாட்களில் வீட்டுக்குள் நடப்பதே நல்லது. வியர்த்த பட்டையைக் கழற்றிக் கழுவித் துடைத்துக் கட்டுங்கள்; இல்லாவிட்டால் தோல் அரிக்கும்.

8. கைப்பேசியோடு இணைக்கும்போது அது ஊர், பேர், பிறந்த நாள் எல்லாம் கேட்கும். கேட்டதற்கெல்லாம் தலையாட்ட வேண்டாம். விவரம் தெரிந்த பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தேவையானதை மட்டும் கொடுங்கள்.

சிங்கப்பூர் வாசகர்களுக்கு இவை பழைய செய்தியாக இருக்கலாம். அங்கே 2015லேயே சுகாதார மேம்பாட்டு வாரியம் காலடிப் போட்டியைத் தொடங்கி, சேர்ந்தவர்களுக்கு இலவசமாகவே நடைமானி கொடுத்தது. இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். வாங்கியது இன்னும் கையில் இருக்கிறதா, மேசை இழுப்பறையில் இருக்கிறதா?

பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடாதீர்கள். இருபது வயதில் தோட்டத்தில் நடந்த உங்களோடும் ஒப்பிடாதீர்கள். சென்ற வாரத்து உங்களோடு மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். அது போதும்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அக்காவை டி.ஆர். சீனிவாசகம் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மர நிழலில் மெல்ல நடந்துகொண்டிருந்தவள் திடீரென்று நின்று, பட்டையைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“என்ன அக்கா?”

“ஒண்ணுமில்லடி. பேர் விழுந்திருச்சான்னு பார்த்தேன்.”

உங்கள் வீட்டிலும் ‘நான் நடக்காத நடையா’ என்று சொல்லிக்கொண்டு ஓர் அக்காவோ அம்மாவோ அப்பாவோ உட்கார்ந்திருப்பார்கள். பட்டை வாங்கித் தருவது பிறகு இருக்கட்டும். இன்று மாலை கையைப் பிடித்து வாசல் வரை கூட்டிக்கொண்டு போங்கள்.